கல்லின் அடிப்பக்கம்

முதுகலையில் நன்னீர்ச் சூழலியல் எடுத்த புதிதில், தண்ணீரைச் சீசாவில் அடைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால் அதன் கதை முழுவதும் தெரிந்துவிடும் என்று நம்பினேன். ஆய்வேட்டுக்குத் தாமிரபரணியைத் தேர்ந்தெடுத்தபோது பேராசிரியை சொன்னார்: “சீசாவைக் கரையில் வச்சிட்டு இறங்கு. முதல்ல கல்லைப் புரட்டு.”

பாபநாசத்துக்கு மேலே, முழங்கால் அளவு ஓட்டத்தில் நின்று புரட்டினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, ஈரம் மட்டும் மினுங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த மினுக்கத்தில் ஒரு துணுக்கு நகரும். அதுதான் மேஃப்ளையின் இளம்பூச்சி. கல்லோடு கல்லாகத் தட்டையான உடல், வயிற்றின் இருபுறமும் இலை போன்ற செவுள்கள், பெரும்பாலும் மூன்று வால்கள். பக்கத்திலேயே மணலை ஒட்டிக் கூடு கட்டிய காடிஸ்ஃப்ளை புழு. சிறகு முளைத்த மேஃப்ளை ஓரிரு நாள்தான் வாழும். ஆனால் அதற்கு முன் வாரக்கணக்கில், சிலது மாதக்கணக்கில், இதே கல்லடியில் இருந்திருக்கும். இரவில் யாரோ கழிவைத் திறந்துவிட்டு, அது விடிவதற்குள் ஓடிப்போயிருந்தால் மறுநாள் மதியம் எடுத்த சீசாவில் எதுவும் இருக்காது. கல்லடியில் இருக்கவேண்டிய பூச்சி இல்லாதது மட்டும் அதைச் சொல்லும்.

வலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்து, அதற்கு மேல்பக்கம் குதிகாலால் மூன்று நிமிடம் கிளற வேண்டும். எல்லா இடத்திலும் அதே மூன்று நிமிடம், அதே அழுத்தம். பிறகு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பொறுக்குவது, முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்குகிற வேலைதான். இந்தப் பொறுமையை எந்தப் பாடநூலும் எனக்குத் தரவில்லை, அம்மாவிடம் பார்த்திருந்தேன். எடுத்ததைச் சாராயத்தில் இட்டு, பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். பேனா மை கரைந்துவிடும்.

படித்துறைக்குக் கீழே தோஷம் கழிய விட்ட துணிகள் கற்களைப் போர்த்திக் கிடந்தன. விலக்கிப் பார்த்தபோது மேஃப்ளை ஒன்றுகூட இல்லை. சேற்றில் ரத்தப்புழுக்கள் நெளிந்தன. அவற்றின் சிவப்பு ஹீமோகுளோபின். மூச்சுக்காற்று குறைந்த இடத்திலும் சமாளிக்க உதவுவது அதுதான். ஆற்றின் மேல் பக்தி உள்ளவர்கள்தான் துணியை விடுகிறார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு ஆறாத வருத்தம்.

ஒப்பிட்டுப் பார்க்க, கால்வாய்த் தண்ணீர் நிரப்பும் குளம் ஒன்றையும் சேர்த்திருந்தேன். முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர மணி பத்தாகிவிடும். இரண்டு மாதம் ஆக்சிஜன் அளவு நன்றாகவே வந்தது. வலை போடும் அண்ணாச்சி ஒருநாள் கேட்டார்: “வெயில் ஏறின பொறவு தண்ணி எடுத்தா என்ன தம்பி தெரியும்? இருட்டோட வாங்க.”

அன்றிரவு அவர் வீட்டுத் திண்ணையில் படுத்தேன். பகலில் பாசி வெளியிடும் ஆக்சிஜனை இரவெல்லாம் பாசியும் மீனும் சேற்று நுண்ணுயிர்களும் சேர்ந்து சுவாசித்துத் தீர்க்கின்றன. விடியுமுன்தான் அது மிகக் குறைவு. இதைத் தேர்விலும் எழுதியிருக்கிறேன். ஆனால் என் இரண்டு மாத அட்டவணையில் ஒரு விடியல்கூட இல்லை.

குமிழி நுழையாமல் சீசாவை நிரப்பி, மாங்கனீஸ் சல்ஃபேட்டும் கார அயோடைடும் விட்டேன். பத்து மணித் தண்ணீரில் அடர் பழுப்பாகத் திரளும் படிவு, டார்ச் வெளிச்சத்தில் வெளிறிக் கிடந்தது. அமிலம் விட்டுக் கரைத்து, ஸ்டார்ச் சேர்த்ததும் வந்த நீலம், பியூரெட்டிலிருந்து சில துளிகள் விழுந்ததுமே மறைந்துவிட்டது.

அண்ணாச்சி தண்ணீரைக் காட்டினார். விரால் ஒன்று மேலே வந்து ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. “அது எப்பவும் அப்படித்தான். அதைக் கணக்குல எடுக்காதீங்க. அங்க பாருங்க.” சற்றுத் தள்ளிக் கெண்டைகள் கூட்டமாக மேல்மட்டத்திலேயே வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றன. நோட்டை எடுத்துத் தேதிக்குப் பக்கத்தில் மணியை எழுதினேன். வெயில் குளத்தில் விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் கடைசிக் கெண்டை உள்ளே இறங்கியது.