ஏறியதைக் கேட்பார்கள், இறங்கியதைக் கேட்கமாட்டார்கள்

விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் வேலை பார்த்தவன் என்று சொன்னால் போதும், கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரில் குண்டு போட்ட கதையைத்தான் எல்லோரும் கேட்பார்கள். போட்டுவிட்டு வந்த விமானங்கள் எப்படி இறங்கின என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. 1971 டிசம்பரில், இந்திய-பாகிஸ்தான் போரின்போது, விமானங்கள் ஏறி இறங்கும் ஃப்ளைட் டெக்கில் நின்ற எங்களுக்கு அதுதான் போர்.

கப்பலின் மொத்த நீளமே 213 மீட்டர். அதில் விமானம் இறங்குவதற்கென்று சாய்வாக ஒதுக்கிய பகுதி இன்னும் குறைவு. ஸீ ஹாக் ஜெட் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும். வால்பக்கம் தொங்கும் ஹூக், தளத்தின் குறுக்கே கட்டிய எஃகு வயர்களில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் சில நொடிகளில் நிற்கும். தப்பினால் விமானி மறுபடி மேலே எழும்ப வேண்டும். அதனால் சக்கரம் தளத்தைத் தொட்டதும் எஞ்சினை முழுதாகத் திறப்பார்கள். நிற்க வந்தவன் பறக்கத் தயாராக இறங்குகிறான். புதிதாக வந்த பையன்களுக்கு இது விளங்கவே நாளாகும்.

இறங்குவதற்குக் காற்று வேண்டும். கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓடினால், அந்த அளவுக்கு விமானம் தளத்தில் மோதும் வேகம் குறையும். வங்காள விரிகுடாவில் டிசம்பர் மாதக் காற்றை நம்ப முடியாது. சில நாள் இலைகூட அசையாது. அப்போது கப்பல்தான் ஓடிக் காற்றை உண்டாக்க வேண்டும். எங்கள் கப்பலாலோ முழு வேகத்தில் ஓட முடியாது. நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல் விட்டிருந்தது. இந்தக் கப்பலைப் போருக்கு அனுப்பலாமா என்று மேலே பெரிய யோசனையே நடந்ததாம். கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ் அதே கப்பலைத்தான் ஓட்டிக்கொண்டு போனார். கீழே பாய்லர் அறையில் வெந்துகொண்டிருந்தவர்கள் தந்த ஒவ்வொரு நாட் வேகமும் மேலே ஒரு விமானியின் உயிருக்கு உதவியது.

டிசம்பர் 4 காலையில் எட்டு ஸீ ஹாக்குகள் காக்ஸ் பஜாருக்குப் போயின. போனபிறகு டெக்கில் பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் வடகிழக்கே பார்த்தபடி இருந்தோம். புள்ளிகள் தெரிந்ததும் ஒருவன் சத்தமாக எண்ண ஆரம்பித்தான். எட்டு வந்ததும் சிரித்தோம். ஆனால் எங்கள் வேலை அதற்கப்புறம்தான்.

ஒன்று இறங்கி நின்றதும் இரண்டு பேர் ஓடிப்போய் வயரிலிருந்து ஹூக்கை விடுவிக்க வேண்டும். ஸீ ஹாக்கின் புகைபோக்கி வாலில் கிடையாது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் இருக்கும். பழக்கம் இல்லாதவன் பக்கவாட்டில் போனால் வெந்துவிடுவான். எனக்கு வேலை பழக்கிய ராமநாதபுரத்து அண்ணன் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "வயரு இழுபடும்போது கிட்டப் போகாத தம்பி. அந்துச்சுன்னா காலைத் தூக்கிட்டுப் போயிரும்." ஹூக்கை விடுவித்து, வயரைத் திரும்ப இழுத்து, விமானத்தின் இறக்கையை மடக்கி முன்னால் தள்ளிவிட வேண்டும். அதற்குள் அடுத்தது, இறங்க வழிகாட்டும் மிரர் விளக்கைப் பார்த்துக்கொண்டு வந்துவிடும். அதன் டேங்கில் எரிபொருள் அடிமட்டத்தில் இருக்கும். எங்களால் தளம் அடைபட்டால் அது போய் இறங்க வேறு இடம் கிடையாது, கீழே கடல்தான். பக்கத்தில் அலுவெட் ஹெலிகாப்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், விழுந்தவனைத் தூக்க.

இரவில் அலிசே விமானங்களின் முறை. அவை காற்றாடி வைத்தவை, மூன்று பேர் போவார்கள். எதிரிக்குத் தெரியாமலிருக்க வெளிச்சத்தை ஒடுக்கி வைத்திருப்போம். இருட்டில் சுழலும் காற்றாடி கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் ஒதுங்க வேண்டும். சத்தமோ எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். காற்றாடி நிற்கும்வரை எவனும் தளத்தைக் குறுக்கே கடக்கமாட்டான்.

இன்னொரு பயமும் இருந்தது. விமானங்களை இறக்கும் வரை கப்பல் நேர்கோட்டில்தான் ஓட வேண்டும், வளையக் கூடாது. நீர்மூழ்கிக்கு அதைவிட நல்ல குறி கிடைக்காது. விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி, டிசம்பர் 3 நள்ளிரவுவாக்கில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிப்போயிருந்தது. நாங்களோ அப்போது அந்தமான் பக்கம் இருந்தோம். அது மூழ்கிய செய்தி உறுதியாகக் கைக்கு வரும்வரை ஒவ்வொரு முறை காற்றுக்கு எதிராகத் திரும்பும்போதும் கண் தண்ணீரைத்தான் தேடியது.

டிசம்பர் 16இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. கேப்டனுக்கும், ஸீ ஹாக் பிரிவின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தாவுக்கும் மகாவீர் சக்ரா விருது கிடைத்தது. இரண்டு பேரும் அதற்குத் தகுதியானவர்கள்தான். சிட்டகாங், காக்ஸ் பஜார் என்று அத்தனை தாக்குதலுக்குப் பிறகும் ஒரு ஸீ ஹாக்கைக்கூட நாங்கள் இழக்கவில்லை. விமானிகளின் திறமை பாதிக் காரணம் என்றால், பாய்லர் அறைக்காரர்களும் வயர் பக்கம் ஓடிய பையன்களும் மீதிப் பாதி. அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் ஊரில் அப்படி ஒரு பழைய கப்பற்படைக்காரர் இருந்தால், இறங்கிய கதையைக் கேட்டு எழுதி வையுங்கள்.