குடமுருட்டியின் அளவுப் பலகை

வலங்கைமானில் குடமுருட்டி என்று யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை. ஆறு, அவ்வளவுதான். அந்த ஆற்றில் தண்ணீரைத் திறந்து மூடும் சட்ரஸின் சுவரில் அடியும் அங்குலமும் கோடு போட்ட அளவுப் பலகை ஒன்று இருந்தது. விடிந்ததும் அதைப் பார்த்துக்கொள்ளும் பாசன ஊழியரான லஸ்கர் தாத்தா படியிறங்கிப் பார்த்து, காதில் செருகிய பென்சிலை எடுத்து நோட்டில் எழுதுவார். பிறகு சைக்கிளில் பாசன ஆபீஸ். அங்கே போனில் கத்துவார்கள்: ஊர், நேரம், அடி, அங்குலம். எதிர்முனை அதே வரிசையில் திருப்பிச் சொல்லும். ஒரு எண் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து.

ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடிவிட்டால் ஆறு வற்றும். பங்குனியில் பாடைக்காவடித் திருவிழாவுக்குக் கூட்டம் திரளும்போது மணல்தான் கிடக்கும். தாத்தா அப்போதும் இறங்குவார், எழுதுவார்.

“தண்ணியே இல்லியே தாத்தா, என்னத்த எழுதுறீங்க?”

“இல்லன்னு எழுதணும்டா தம்பி. எழுதலைன்னா லஸ்கர் செத்துட்டானோன்னு நெனைப்பாங்க.”

பின்னாளில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் வேலைக்குப் போனேன். தொட்டி காலி என்றால் ஒயரில் 4 மில்லியாம்பியர், நிறைந்தால் 20. ஏன் சுழியில் தொடங்கவில்லை என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். ஒயர் அறுந்தால்தான் சுழி வரும்; காலித் தொட்டிக்கும் அறுந்த ஒயருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா? மேட்டூரின் 120 அடியை அந்த ஒயரில் ஏற்றினால் 4-க்கு மேல் ஏழரை அடிக்கு ஒரு மில்லியாம்பியர், 60 அடிக்கு 12 என்று கணக்குப் போட்டுக் காட்டுவேன். கூடவே லஸ்கர் தாத்தா கதையும் வந்துவிடும்.

கருவிகள் அளவைச் சொல்ல வேறு பேச்சு முறைகளும் உண்டு. 1979-இல் மோடிகான் கம்பெனி கொண்டுவந்த மாட்பஸ் கொஞ்சம் கறார் பேர்வழி. முகவரி சொல்லிக் கேட்டால்தான் கருவி வாய் திறக்கும். பதிலின் வாலில் ஒரு சரிபார்ப்பு எண். அது ஒத்துவராவிட்டால் அந்தப் பதில் செல்லாது. எண்பதுகளில் ரோஸ்மவுன்ட் கம்பெனி உருவாக்கிய ஹார்ட் முறைதான் எனக்குப் பிடித்தது. தொட்டியின் அளவு போகும் அதே இரண்டு ஒயரில், ஓடுகிற மின்னோட்டத்தின் மேலேயே 1200, 2200 ஹெர்ட்ஸ் என்று இரண்டு சுருதியில் பேசும். அளவு அதன் பாட்டுக்குப் போகும். கருவிக்கு என்ன கோளாறு என்பதும் கூடவே வரும்.

தாத்தாவிடமும் அந்த இரண்டாவது பேச்சு உண்டு. கீழ்க்கரையில் நண்டுவளை கசிகிறது, ஷட்டரில் வெங்காயத்தாமரை அடைத்திருக்கிறது என்பதெல்லாம் நோட்டில் ஏறாது. டீக்கடையில் முழுசாகக் கிடைக்கும். மேட்டூர் மட்டத்தைத் திருச்சி வானொலி சொல்லும். தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் ஊருக்கு எப்போது வரும், நாற்றங்காலுக்கு விதை ஊற வைக்கலாமா என்பதைத் தாத்தாதான் சொல்வார், யாரும் கேட்காமலே.

ஆறுகளுக்கு சென்சார் வரட்டும். நடுராத்திரி வெள்ளம் ஏறினால் தூங்காமல் சொல்வதற்கு அதுதான் சரி. அதை வைக்கிற என்ஜினீயர்களிடம் ஒரு விண்ணப்பம்: அது சொல்லும் அளவை ஆபீஸ் திரையோடு நிறுத்திவிடாமல், விவசாயி வந்துபோகும் கடைத்தெருவில் ஒரு போர்டிலும் தெரியும்படி செய்யுங்கள்.