பிடி அரிசி வளர்த்த பள்ளிக்கூடம்... விருதுநகரில் ஒரு நடை!

மதுரையிலிருந்து கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் தூரம் போனால் விருதுநகர். எண்ணெய் புரோட்டாவுக்காகவே பலர் வண்டியை நிறுத்தும் ஊர். சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்பிவிடாதீர்கள். கடைவீதிக்குள் ஒரு நடை போய்வாருங்கள்.

மிளகாய் வற்றல் நெடியில் தும்மல் வரும். பருப்பு, மல்லி, எண்ணெய் எனச் சரக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். இந்த வியாபாரத்தோடு சேர்ந்தே வளர்ந்த ஒரு வழக்கம், மகமை.

19-ம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் சரக்கு கொண்டு வந்த நாடார் வியாபாரிகள், இரவில் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் அமைத்தார்கள். அதைப் பராமரிக்க, விற்கும் சரக்குக்கு ஏற்ப ஒரு சிறு தொகையைப் பொதுவில் செலுத்தினார்கள். மனசிருந்தால் கொடுக்கலாம் என்கிற நன்கொடை அல்ல இது. உறவின்முறை விதித்த கட்டாய வரி. லாபக் கணக்குப் பார்க்கும் முன்பே ஊர்ப் பங்கை எடுத்து வைத்துவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் அவர்களுக்குப் பெரிய கோயில்களின் கதவுகள் திறக்கவில்லை. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழையவே 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி ஒதுக்கப்பட்டவர்கள், சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

ஆனால், 1889-ல் இங்கே சத்திரிய வித்யாசாலா பள்ளி தொடங்கப்பட்டது. மகமைப் பணத்தோடு பிடி அரிசியும் கைகொடுத்தது. உலை வைக்கும் முன் வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். வீடு வீடாகச் சேர்ந்த அந்த அரிசி பள்ளிச் செலவுக்குப் போனது. பள்ளியின் பெயரில் ஒரு சாதியின் பெருமை இருந்தது. வகுப்பறையிலோ மற்ற சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது.

அங்கே படித்த ஒரு சிறுவன், குடும்பச் சூழலால் பாதியிலேயே படிப்பை விட்டான். பின்னாளில் முதலமைச்சராகி, 1956-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஆம், காமராஜர்தான். அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லம். இந்த நடையை அங்கே முடிக்கலாம்.

கடைவீதியில் எடை போட்ட பணமும் அடுப்படியில் எடுத்து வைத்த அரிசியும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த ஊர் இது. அடுத்த முறை புரோட்டாவுக்கு நிறுத்தும்போது, பிள்ளைகளுக்கு அந்தப் பிடி அரிசிக் கதையையும் சொல்லுங்கள்!