சாலையைப் பார்த்து நின்ற வண்டி

பாரடைஸ் என்றால் சொர்க்கம். கலிஃபோர்னியாவின் மலைமுகட்டில் இருக்கும் அந்த ஊருக்கு நான் போனது 2019 அக்டோபரில். ஊர் எரிந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. வழியெல்லாம் என் மனசுக்குள் ஒரே கேள்விதான்: மரத்தால் வீடு கட்டினால் எரியாமல் என்ன செய்யும்? செங்கல்லும் சிமெண்டும் பார்த்து வளர்ந்தவனின் திமிர். நான் தங்கப் போன வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் அதை அடக்கினார். கஞ்சி கொட்டி உறைந்ததுபோல் ஒரு உலோகக் கட்டியை எடுத்து என் கையில் வைத்தார். அவர் மனைவியின் கார் வாசலில் நின்றதாம், அதன் சக்கரமாம். அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சூட்டுக்கு முன்னால் செங்கல் வீட்டுக்காரனும் ஓடத்தான் வேண்டும்.

அவரும் மனைவியும் என் மகளோடு வேலை பார்க்கும் பெண்ணின் பெற்றோர். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. 2018 நவம்பர் 8 காலை ஆறரை மணி வாக்கில், பழைய மின்கோபுரம் ஒன்றில் கம்பியைத் தாங்கிய கொக்கி தேய்ந்து முறிந்ததில் தீப்பிடித்தது. எட்டு மணிக்கெல்லாம் தீ ஊருக்குள் வந்துவிட்டது. 85 பேர் போனார்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. இவர்கள் வீட்டின் இடிபாட்டோடு அஸ்திவாரத்தையும் பெயர்த்து, மேல்மண்ணையும் சுரண்டி, இடிபாட்டை அகற்ற வந்தவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். மொட்டையாகக் கிடந்த அந்த மனையில் இருபது அடி நீளம், எட்டடி அகலத்தில் ஒரு டிரெய்லர். அதுதான் அப்போது வீடு.

"திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்திருக்கிறோம்" என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் சிரித்தார். "ஆறு பேரும் ஒரே நேரத்தில் நின்றீர்களா?" இங்கே ஒருவர் நடந்தால் மற்றவர் உட்கார்ந்துவிட வேண்டும். சாப்பாட்டு மேஜையை இறக்கி மெத்தையைப் போட்டால் அது விருந்தாளியின் கட்டில். நான் படுத்துவிட்டால் அவர்களுக்குக் காபி போட வழியில்லை. எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் இடம் போதாவிட்டால் திண்ணை, மொட்டை மாடி, அடுத்த போர்ஷன் என்று எங்கேயாவது ஒதுங்கலாம். இங்கே கதவைத் திறந்தால் கரிந்த பைன் மரங்கள்தான்.

தண்ணீர் விஷயத்தில் மானம் போனது. குழாயைத் திறந்துவிட்டு, நம் ஊர் வழக்கப்படி நிதானமாகக் கைகழுவிக்கொண்டிருந்தேன். அம்மாள் எட்டி மூடினார். தீயின் சூட்டில் ஊர்க் குழாய்களுக்குள் பென்சீன் கலந்துவிட்டிருந்தது. அதைக் கொதிக்க வைத்தாலும் பயனில்லை. ஆகவே அப்போது கீழே இருக்கும் சிக்கோ நகரிலிருந்து தண்ணீரைச் சுமந்து வந்தார்கள். கழுவிய தண்ணீரும் எங்கும் ஓடிப்போகாது. அடியில் இருக்கும் தொட்டியில் சேரும், நிறைந்தால் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவன் நான். எனக்கே ஒருத்தர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் மின்சாரம் இல்லை. காற்று பலமாக வீசும் என்று மின்நிறுவனமே முன்கூட்டி நிறுத்தியிருந்தது. மின்வெட்டு எனக்குப் புதிதா? 2012இல் தமிழ்நாட்டில் பார்க்காததா? பேட்டரி விளக்கு எரிந்தது, கேஸ் அடுப்பு இருந்தது. நான் ரசம் வைக்கிறேன் என்றேன். புளி, மிளகு, பூண்டு எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் எண்ணெயைக் காயவிட்டுக் கடுகையும் நாலு வரமிளகாயையும் போட்டேன்.

தலைக்கு மேலே புகை அலாரம் வீறிட்டது.

துண்டை வீசி அதை அடக்கிவிட்டுத் திரும்பினால் பெரியவரைக் காணவில்லை. வெளியே, டிரெய்லரை இழுக்கும் டிரக்கின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காலில் ஷூ. சாவி போட்டாயிற்று. மனைவி ஏறுவதற்காகப் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த ஷூ ஏன் எப்போதும் கதவடியில் இருக்கிறது, சாவி ஏன் ஆணியில் தொங்குகிறது, டிரெய்லரிலிருந்து டிரக்கை ஏன் கழற்றவே இல்லை, அது ஏன் சாலையைப் பார்த்தே நிற்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடம் போதாமல் தவிக்கிறார்கள் என்று பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். பெரியவருக்கோ எந்த மூலையில் இருந்தாலும் நாலே எட்டில் வாசல் வந்துவிடுகிறது என்பதுதான் நிம்மதி.

"மிளகாய்தான், வாங்க" என்றார் அம்மாள். பெரியவர் உள்ளே வர மறுத்துவிட்டார். மடக்கு நாற்காலிகளை வெளியே போட்டு, காற்றில் ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தோம். அங்கேதான் சண்டை தொடங்கியது. எனக்காகத் தொடங்கியதில்லை, பல மாதமாக நடப்பதுபோல் இருந்தது. அம்மாளுக்கு இதே மனையில் மறுபடி வீடு வேண்டும். கணவருக்குச் சக்கரம் இல்லாத எதற்குள்ளும் இனித் தூங்க முடியாது. "பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம்" என்கிறார். "எங்கே?" என்று அம்மாள் கேட்டதற்குப் பதில் வரவில்லை. எனக்கு அம்மாளின் பக்கம்தான் நியாயம் என்று தோன்றியது. ஆனால் அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டவன் வாயைத் திறந்து அதைச் சொல்ல முடியுமா?

காலையில் பல் தேய்க்க இறங்கியபோது டிரெய்லர் சக்கரத்தை ஒட்டி இரண்டு ஜெரேனியம் தொட்டிகள் இருந்தன. அம்மாள் வைப்பது; கணவர் தினமும் நகர்த்துவது. நான் பார்க்கும்போதே அவர் வந்து, பூ உதிராமல் தூக்கி, இரண்டடி தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

டிரெய்லரில் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறீர்களா? ரசம் வையுங்கள், தப்பில்லை. தாளிப்பை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.