முற்றவெளியில் ஒலிக்கவேண்டியது யாருடைய பாட்டு?

யாழ்ப்பாணத்தில் இசைவிழா நடத்துவது எப்படி என்ற கேள்வி கடந்த சில ஆண்டுகளாகத் தேநீர்க்கடை முதல் பத்திரிகை ஆசிரிய தலையங்கம் வரை பேசப்பட்டு வருகின்றது. 2023 ஒக்டோபரில் சந்தோஷ் நாராயணனின் 'யாழ் கானம்' முற்றவெளியில் நடந்தது. 2024 பெப்ரவரி 9 ஆம் திகதி அதே வெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி, திரை நட்சத்திரங்கள் புடைசூழ நடந்தது. முதலாவது நிகழ்ச்சியை மக்கள் மகிழ்ச்சியுடன் நினைவு கூருகின்றனர். இரண்டாவதைப் பற்றிப் பேசும்போது பாட்டைவிடத் தடுப்புவேலிகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. கட்டணம் செலுத்தியோர் முன்னாலும் மற்றையோர் பின்னாலுமாக மைதானம் பிரிக்கப்பட்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தனர். நிகழ்ச்சி இடையில் தடைப்பட்டது. பொலிஸாரும் விசேட அதிரடிப் படையினரும் கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

அடுத்த நாள் பலரும் "எங்கள் சனத்துக்கு ஒழுங்கு தெரியாது" என்று தீர்ப்பு எழுதிவிட்டனர். இத்தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. இதே சனந்தான் ஆண்டுதோறும் நல்லூரில் இருபத்தைந்து நாட்கள் கூடுகின்றது. தேர்த்திருவிழா அன்று வீதி கொள்ளாத கூட்டம். ஆயினும் அங்கே பூசை குறித்த நிமிடத்தில் தொடங்கும். அமைச்சர் வந்தாலும் அயல்வீட்டுக்காரர் வந்தாலும் ஆண்கள் மேலாடை களைந்துதான் உள்ளே செல்லவேண்டும். அர்ச்சனைச் சீட்டின் விலை ஒரு ரூபாய் என்பதை உலகெங்கும் உள்ள நம்மவர் பெருமையுடன் சொல்லிக்கொள்வர். நேரம் பிசகாமையும், விதி எல்லோருக்கும் ஒன்றாக இருத்தலும் ஒரு கூட்டத்தை எப்படி வழிநடத்துகின்றன என்பதற்கு நாம் வெளிநாட்டுப் பாடம் படிக்கத் தேவையில்லை. சனம் மாறவில்லை, வேலி போடப்பட்ட விதந்தான் மாறியது.

முற்றவெளியைப் பொறுத்தவரை இது வெறும் ஏற்பாட்டுப் பிரச்சினை அல்ல. 1974 ஜனவரி 10 ஆம் திகதி இரவு, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவையொட்டி வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் கூடியிருந்த பெருந்திரள் மீது பொலிஸார் நடவடிக்கை எடுத்ததும், அறுந்து வீழ்ந்த மின்கம்பி உயிர்களைக் குடித்ததும் நமது வரலாறு. அதன் நினைவுச்சின்னம் அந்த வெளியின் ஓரத்திலேயே நிற்கின்றது. ஆகவே அங்கே மேடை அமைப்பவர் எவரும் மின்கம்பி எங்கே போகின்றது, வெளியேறும் வழி எத்தனை, அம்புலன்ஸ் எந்தப் பக்கத்தால் வரும் என்பவற்றைப் பாடகரின் பெயரைத் தீர்மானிக்கும் முன்னரே தீர்மானித்திருக்க வேண்டும்.

இந்தச் சிக்கலை வளர்ந்த நாடுகளும் அனுபவித்தே தீர்த்தன. இங்கிலாந்தில் மைக்கல் ஈவிஸ் என்ற பாற்பண்ணைக்காரர் 1970 இல் தமது பண்ணையில் தொடங்கியதுதான் கிளாஸ்டன்பரி விழா. அன்று நுழைவுக் கட்டணம் ஒரு பவுண். பண்ணைப் பால் இலவசம். வந்தவர்கள் ஏறத்தாழ 1500 பேர். இன்று இரண்டு இலட்சம் பேர் கூடுகின்றனர். 2000 ஆம் ஆண்டில் சீட்டில்லாமல் வேலி தாண்டியோர் தொகை அளவு கடந்தது. அவர்கள் மறு ஆண்டு விழாவையே நடத்தாமல் நிறுத்தி, 2002 இல் உயர்ந்த உருக்குவேலியுடன் மீண்டனர். வேலி அமைத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அயற்கிராமத்தவருக்கு இலவசச் சீட்டு உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலம் ஆறுவதற்காக விழாவுக்கே ஓய்வு கொடுக்கின்றனர். 2018 அத்தகைய ஓய்வாண்டு, 2026 உம் அவ்வாறே. செம்மண்ணில் ஒரே பயிரை ஓயாமல் போட்டால் என்ன நடக்கும் என்பதை நமது கோண்டாவில், உரும்பிராய்த் தோட்டக்காரர்களும் நன்கு அறிவர்.

கூட்டத்தின் ஒழுங்கைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. மேடையில் யாருடைய பாட்டு?

தமிழில் பொப்பிசை என்றால் அதன் தொடக்கத்தைச் சொல்ல உரும்பிராய்க்குத்தான் போகவேண்டும். அவ்வூரவரான நித்தி கனகரத்தினம் 1960களின் பிற்பகுதியில் 'சின்ன மாமியே' என்று பாடியபோது, அது எந்தத் திரைப்படத்திலும் வந்த பாட்டு அல்ல. கிற்றாரும், பைலாத் தாளமும், யாழ்ப்பாணத்துப் பேச்சும் கலந்து தானாகப் பிறந்தது. தொடர்ந்து ஏ. ஈ. மனோகரன் இலங்கை வானொலி வழியாகவும் மேடைகள் வழியாகவும் அதைக் கடல் கடத்தினார். அவர் புகழ்பெறச் செய்த 'சுராங்கனி' பின்னர் தமிழ்த் திரைக்கே போய்ச் சேர்ந்தது. அதாவது, ஒரு காலத்தில் சினிமா நம்மிடமிருந்து எடுத்தது. இப்போது நாம் சினிமா அனுப்புவதை எதிர்பார்த்து விமான நிலையத்தில் மாலையுடன் நிற்கின்றோம்.

இடையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். போரும் புலப்பெயர்வும் இசைக்குழுக்களைச் சிதறடித்தன. கோவில் திருவிழா இரவுகளில் விடிய விடிய வாசித்த கோஷ்டிகள் மெல்ல மெல்லத் திரைப்பாடல்களைப் பிரதி செய்யும் குழுக்களாக ஒடுங்கின. நித்தி அவுஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் சென்னையில் வாழ்ந்து 2018 ஜனவரியில் காலமானார்.

ஆனால் விதை அழியவில்லை. இன்று பருத்தித்துறையிலும் மானிப்பாயிலும் மடிக்கணினியும் ஒரு ஒலிவாங்கியும் வைத்துக்கொண்டு சொந்தமாகப் பாட்டுக் கட்டும் பிள்ளைகள் இருக்கின்றனர். அத்தகைய ஓர் இளைஞன் அண்மையில் என்னிடம் சொன்னான்: "பெரிய ஆக்கள் வரமுந்திச் சனத்தை வைச்சிருக்கிறதுக்குத்தான் எங்களை ஏத்தினவை ஐயா. மூண்டாவது பாட்டு முடிய முன்னம் மைக்கை நிப்பாட்டிப் போட்டினம்." அவனிடம் கோபம்கூட இல்லை. அதுதான் என்னை வருத்தியது. இருபத்திரண்டு வயதிலேயே அவன் தன்னை இடைநிரப்பியாக ஏற்றுக்கொண்டுவிட்டான்.

ஒரு விழா வளரும்போது முதலில் பலியாவது இவனைப் போன்றவனே. மேடை பெரிதாகச் செலவு பெரிதாகின்றது. செலவை ஈடுகட்டப் பெரிய பெயர் தேவைப்படுகின்றது. பெரிய பெயரை அழைத்து வர விளம்பரதாரர் வேண்டும். விளம்பரதாரருக்கு இன்னும் பெரிய கூட்டம் வேண்டும். இந்தச் செக்கு சுற்றத் தொடங்கினால் விழா எதற்காகத் தொடங்கப்பட்டது என்று கேட்க எவருக்கும் நேரமிராது.

நிதியை வெளியே எதிர்பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. போர் முடிந்தபின் 2011 இலும் 2013 இலும் யாழ்ப்பாண இசைவிழா நடந்தது. சேவாலங்கா நிறுவனமும் நோர்வே அமைப்பொன்றும் சேர்ந்து நடத்திய அவ்விழாவில் நமது கூத்தர்களும் தென்னிலங்கைக் கலைஞரும் வெளிநாட்டுக் குழுக்களும் அடுத்தடுத்து மேடை ஏறினர். இடைப்பட்ட ஆண்டில் அதன் சோதரவிழா காலியில் நடந்தது. அருமையான முயற்சி. எனினும், அது ஊரின் சொந்த விழாவாக வேரூன்றி நிலைக்கவில்லை. உதவி செய்பவர் கொடுத்த காலத்தில் ஊரவர் பொறுப்பேற்கப் பழகவேண்டும். இல்லாவிடில் உதவியோடு விழாவும் போய்விடும்.

டென்மார்க்கின் ரொஸ்கில்ட விழா 1971 இல் தொடங்கியது. அது இலாபநோக்கற்ற அமைப்பொன்றால் நடத்தப்படுகின்றது. பல்லாயிரம் தொண்டர்கள் அதைத் தாங்குகின்றனர். மிஞ்சும் பணம் பொதுப்பணிக்குப் போகின்றது. அங்கேயும் 2000 ஆம் ஆண்டில் மேடைமுன் நெரிசலில் ஒன்பது பேர் மாண்டனர். விழா அத்துடன் ஒழிந்துவிடவில்லை. பாதுகாப்பைத் திருத்திக்கொண்டு தொடர்ந்தது. ஊரே தாங்கும் விழா துயரத்தையும் தாங்கும்.

வளர்ச்சி என்றால் ஒரே மேடை உயர்வது என்று நினைப்பதை நாம் விடவேண்டும். சென்னையில் 2015 இல் ரி. எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் வாழும் தெருவில் விழா எடுத்தனர். சபாவுக்குப் போகாதவரிடம் இசை போயிற்று. அருணாசலப் பிரதேசத்துச் சீரோ விழா 2012 முதல் மலைப்பள்ளத்தாக்கில் சுயாதீனக் குழுக்களை வைத்தே பெயர் பெற்றது. யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா 2015 முதல் நட்சத்திரப் பகட்டின்றித் தனக்கென ஒரு பார்வையாளரை வளர்த்துள்ளது.

எனவே நான் காண விரும்பும் விழா முற்றவெளியில் ஒரு இரவு நடப்பதன்று. இணுவிலில் ஒரு மாலை, அங்கே தவிலும் நாதஸ்வரமும் பொப் குழுவுடன் சேர்ந்து ஒலிக்கட்டும்; தட்சிணாமூர்த்தியின் தவில் முழங்கிய மண் அது. ஊர்காவற்றுறையில் ஒரு மாலை, நெல்லியடியில் ஒரு மாலை, நிறைவு நாள் மட்டும் நகரில். நிகழ்ச்சியின் பாதி நேரம் குடாநாட்டவரின் சொந்தப் பாடல்களுக்கு என்று எழுத்தில் இருக்கட்டும். சென்னையிலிருந்து வருபவர் வரட்டும். வரும் பெரியவர் உள்ளூர்ப் பிள்ளையின் பாட்டு ஒன்றை அப்பிள்ளையுடன் சேர்ந்து பாடட்டும். சொன்ன நேரத்துக்குத் தொடங்கிக் கடைசிப் பஸ்ஸுக்கு முன் முடியட்டும். பெண்பிள்ளைகள் பயமின்றி வீடு திரும்ப முடியாத விழாவுக்குப் பாதி ஊர் வராது.

புலம்பெயர்ந்த நண்பர்கள் பலர் "ஊரில் ஒரு பெரிய நிகழ்ச்சி செய்யவேண்டும்" என்று எனக்கு எழுதுகின்றனர். அவர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: ஒரு நட்சத்திரத்தின் விமானச் சீட்டுக்குக் கொடுக்கும் காசில் ஒரு நல்ல ஒலியமைப்பும், பிள்ளைகள் பழக ஒரு அறையும் வாங்கலாம். அதை ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் பொறுப்பில் விடுங்கள். மூன்று ஆண்டுகள் பொறுத்திருங்கள். அதன் பின்னர் முற்றவெளியைப் பற்றிப் பேசுவோம்.