எந்தக் கை விரல் சூப்புவான்?

ஊசியைக் கையில் எடுக்கும் முன் அந்த மூத்த செவிலியர் தாயிடம் கேட்டார்: "எந்தக் கை விரல் சூப்புவான்ம்மா?" வலது கை என்றார் தாய். அப்படியானால் ஊசி இடது கையில். ஆறுதலுக்குச் சூப்பும் கட்டைவிரலை அட்டை வைத்துக் கட்டிவிட்டால் அன்றிரவு பிள்ளைக்கும் உறக்கமில்லை, தாய்க்கும் இல்லை.

சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. 1948இல் மருத்துவர் எஸ்.டி. ஆச்சார் தொடங்கிய குழந்தை மருத்துவப் பிரிவிலிருந்து வளர்ந்தது. நான் பார்க்கப் போனது ஒரே ஒரு வேலையை: மருந்து ஏற்றுவதற்காக நரம்பில் செருகும் வென்ஃப்ளான் ஊசிக்குழாயைப் பிஞ்சுக் கையில் போடுவதை. பெரியவர்களுக்குப் போடுவதைவிட மிக மெல்லியது இது. மஞ்சள் நிறத்தில் 24 கேஜ், பச்சிளம் சிசுவுக்கு ஊதா நிறத்தில் 26. வயிற்றுப்போக்கில் நீர் வற்றி வந்த குழந்தைக்கு நரம்பு அமுங்கிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது.

"கண்ணால தேடாத, விரலால தேடு," என்று பக்கத்தில் நின்ற பயிற்சி மாணவியிடம் செவிலியர் சொன்னார். மாணவி கண்ணை மூடிக்கொண்டு புறங்கையை வருடினாள். சிறிய நரம்பில் ஊசி நுழைந்ததும் ரத்தம் உடனே பின்னால் ஏறாது, சற்று நேரமாகும். தவறிவிட்டதென்று நினைத்துப் புதியவர்கள் உருவிவிடுவார்களாம். "அவசரப்பட்டா புள்ளைக்கு இன்னொரு குத்து." இந்தப் பொறுமைதான் இத்தொழிலின் பாதி என்று எனக்குப் பட்டது.

மீதிப் பாதி, பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வது என்பது. முடிந்தவரை யாரையும் மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்குவதில்லை. தாயின் மடியில், நெஞ்சோடு அணைத்து உட்காரவைக்கிறார்கள். கைக்குழந்தையென்றால் பால் குடிக்கும்போதே ஊசி. தாய்ப்பால் குடிக்கும் சிசுவுக்கு ஊசி வலி குறைகிறது என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஆனால் சிசுவுக்கு வலி முழுதாகத் தெரியாது என்று மருத்துவ உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலிமருந்து இல்லாமலே அறுவை செய்தார்கள். இந்தியாவில் பிறந்த மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்த் இங்கிலாந்தில் செய்த ஆய்வுகள் 1987இல் வெளிவந்த பிறகே அந்த நம்பிக்கை உடைந்தது. அழத் தெரிந்த பிள்ளையின் வலியை நம்ப நமக்கு அத்தனை காலம் பிடித்திருக்கிறது. நினைக்க நினைக்க மனம் ஆறவில்லை.

குழந்தைகள் வார்டு என்றால் சுவரில் பொம்மைப் படம் என்றே பலரும் நினைக்கிறோம். படம் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் ஐந்து வயதுப் பையன் ஒருவன் "வலிக்குமா?" என்று கேட்டபோது இந்தச் செவிலியர் சொன்ன பதில் எந்தப் படத்தையும்விடப் பெரிது: "வலிக்கும் தம்பி. நீ பத்து எண்ணுறதுக்குள்ள வலி போயிடும். அழணும்னா அழு, கையை மட்டும் ஆட்டாத." அவன் அழுதான். கையை ஆட்டவில்லை.

அவருக்குக் கோபம் வந்தது ஒருமுறைதான். அடுத்த கட்டிலில் ஒரு பாட்டி, "சாப்பிடலைன்னா சிஸ்டர் ஊசி போட்டுடுவாங்க" என்று பேத்தியை மிரட்டிக்கொண்டிருந்தார். "அப்படிச் சொல்லாதீங்கம்மா. அப்புறம் நான் மருந்து குடுக்க வந்தாலும் கத்தும்." எத்தனை வீடுகளில் இந்த மிரட்டல்! அதன் விலையை இங்கே பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

ஊசி ஏறியதும் அட்டை வைத்து, பிளாஸ்திரி ஒட்டி, விரல் நுனிகளை வெளியே தெரியும்படி விடுகிறார். நுனி நீலம் பாய்ந்தாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம் என்று பொருள். கை வீங்கியிருக்கிறதா என்று அடிக்கடி வந்து பார்க்கவும் வேண்டும். "எரியுது" என்று சொல்லக் கைக்குழந்தைக்கு வாய் ஏது?

இன்னொரு குழந்தைக்கு மாணவியையே போடச் சொன்னார். முதல் முயற்சி தவறியது. இரண்டாவதும். அவள் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுத் தானே விலகி நின்றாள். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் குத்தக்கூடாது என்பது இவருடைய கட்டுப்பாடு. செவிலியர் ஒரு வார்த்தை கடியவில்லை. "நீ புள்ளையோட கையைப் பிடிச்சுக்க," என்று சொல்லிவிட்டு, புதிய ஊசியைப் பிரித்தார்.