நிலத்தின் கீழ் ஓர் அரசு

யானையிறவைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்லும் கண்டி வீதியிலே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே அமைந்த ஊர் பளை. அவ்வூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கின்றார். ஒருநாள் மாலை அவருடைய பேரன் கைத்தொலைபேசியை ஏந்தியவாறு வந்து, "தாத்தா, நிலத்துக்குக் கீழை அகர்த்தா எண்டு ஒரு ராச்சியம் இருக்காம். முழு உலகத்துக்கும் ராசா அங்கைதான் இருக்கிறாராம். உண்மையோ?" என்று வினவினான். ஆசிரியர் உடனே விடை கூறினாரல்லர். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பழந்தமிழ் நூல்களிலே செலவிட்ட அவருக்கு அவ்வினா புதியதன்று. அதற்கு ஒரு சொல்லில் விடையிறுத்தல் இயலாது என்பதையும் அவர் அறிவார். "இரு, சொல்லுறன்" என்று சாய்மனைக்கதிரையை முற்றத்துக்கு நகர்த்தினார்.

மேனாட்டிலே இக்கதை அறிவியலின் வாயிலாகவே முதலில் நுழைந்தது எனலாம். எட்மண்ட் ஹலி என்னும் ஆங்கிலேய வானியலாளர், காந்த ஊசி காலந்தோறும் திசை பிறழ்வதற்குக் காரணங் காண முயன்று, பூமியானது ஒன்றனுள் ஒன்றாய் அமைந்த கோளங்களால் ஆயது என்று 1692 இல் கூறினார். உட்கோளங்களில் உயிர்கள் வாழ்தல் கூடும் என்பதும் அவர் கருத்து. வால்வெள்ளி மீண்டும் வரும் ஆண்டைக் கணித்த ஹலியும் இவரே. அறிவியல் பின்னர் அக்கருத்தைக் கைவிட்டது, கதை கைவிடவில்லை. 1871 இல் எட்வர்ட் புல்வர் லிற்றன் எழுதிய நாவலொன்றிலே, சுரங்கத்தின் வழியே கீழிறங்கிய ஒருவன் ஆங்கே பேராற்றல் படைத்த ஓர் இனத்தைக் காண்கின்றான். அவ்வினம் ஒருநாள் மேலே எழுந்து வந்து மானிடரை அழித்தொழிக்கும் என்ற அச்சத்தோடு நாவல் முடிகின்றது.

இந்த லிற்றன் வெறும் நாவலாசிரியர் மட்டுமல்லர். 1858–59 இல் பிரித்தானியாவின் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராயிருந்தவர். இலங்கையும் அவ்வமைச்சின் கீழேயே இருந்தது. அவருடைய மகன் றொபேட் லிற்றன் 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைசிராயாக ஆட்சி செய்தார். தமிழ்நாட்டார் தாதுவருடப் பஞ்சம் என்று இன்றும் நினைவுகூரும் கொடும் பஞ்சம் அவர் காலத்ததே. அதில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பர். தப்பியோர் பலர் கடல் கடந்து இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களை வந்தடைந்தனர். கீழிருந்து எவரோ வந்து தம்மை அழிப்பர் என்று தந்தை கற்பனையில் அஞ்சினார். மகனின் ஆட்சியில் அழிந்தவர்களோ நிலத்தின் மேலே, எல்லோர் கண்ணெதிரிலும் வாழ்ந்தவர்கள்.

பேரன் கேட்ட அகர்த்தாவின் வரலாறும் இந்தியாவோடு தொடர்புடையதே. பிரெஞ்சிந்தியாவில் நீதிபதியாயிருந்த லூயி ஜக்கோலியோ, பிராமணத் தலைமைக்குருவின் பண்டை நகரமாகிய அஸ்கர்த்தா பற்றி 1873 இல் எழுதினார். அவர் கூறியது மண்ணின் மேல் இருந்து மறைந்த ஒரு நகரம். ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, செந்தீவ் தல்வேதர் என்னும் பிரெஞ்சு மறைஞானியின் கையிலே அதுவே கோடிக்கணக்கான குடிகளைக் கொண்ட பாதாள அரசாக மாறிற்று. 1886 இல் தாம் அச்சிட்ட அந்நூலின் படிகளை ஒன்று தவிர அவரே அழித்துவிட்டார். அவர் மறைந்த பின் 1910 இலேதான் அது வெளிவந்தது. போல்ஷெவிக்குகளுக்குத் தப்பி மொங்கோலியாவினூடாக ஓடிய ஒசென்டோவ்ஸ்கி 1922 இலும், ரெனே கெனோன் 1927 இலும் அக்கதையை மேலும் வளர்த்தனர். முதலாம் உலகப்போரில் மன்னர்களையும் மைந்தர்களையும் இழந்து நின்ற ஐரோப்பா, எங்கேனும் ஓரிடத்தில் நீதி தவறாத அரசன் ஒருவன் மறைந்திருக்கின்றான் என்று நம்ப விரும்பியதில் வியப்பில்லை.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. மேலே இருந்த நகரம் கதை கைமாறும்போது கீழே சென்றுவிட்டது. இதே நிகழ்ச்சியைத் தமிழிலும் காண்கின்றோம்.

மணிமேகலையிலே நாகநாடு கடலுக்கு அப்பாலுள்ள ஒரு நாடு. அந்நாட்டு அரசன் வளைவணன், அரசி வாசமயிலை, அவர்தம் மகள் பீலிவளை. அவள் புகார்ச் சோலையிலே சோழனோடு கூடி, பின்னர் தான் பெற்ற குழந்தையை மணிபல்லவத்திலே கம்பளச்செட்டி என்னும் வணிகனின் கப்பலில் ஏற்றி அனுப்புகின்றாள். கப்பல் உடைகின்றது; குழந்தை காணாமற் போகின்றது. மகனை இழந்த துயரில் மன்னன் இந்திரவிழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கின்றது. பதினான்காம் நூற்றாண்டளவில் வாழ்ந்த நச்சினார்க்கினியர் பெரும்பாணாற்றுப்படைக்கு உரை வகுத்தபோது இதனையொத்த கதையொன்றைக் கூறுகின்றார். அவர் கூறும் சோழன் கடலைக் கடந்து செல்லவில்லை. பிலத்துவாரத்தின் வழியே நாகலோகத்துக்கு இறங்கி, அங்கே நாககன்னியை மணக்கின்றான். அயல்நாடு பாதாளமாகிவிட்டது. ஆயினும், அவள் பெற்ற குழந்தை தொண்டைக்கொடியை அடையாளமாகக் கொண்டு கடலிலே விடப்பட்டு, திரை தர வந்து சேர்கின்றது. நாட்டை நிலத்தின் கீழ் வைத்தவர்களால் அந்தக் கடலை மட்டும் கதையிலிருந்து நீக்க முடியவில்லை.

மகாவம்சமும் இதற்குச் சான்று பகரும். நாகதீபத்திலே மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர், மாமனும் மருகனுமாயினோர், மணியாசனம் ஒன்றுக்காகப் போர்புரிய முற்பட்டனர் என்றும் புத்தர் வந்து அவரைச் சமாதானம் செய்தார் என்றும் அது கூறும். மகோதரனின் அரசு கடலிலே இருந்தது என்பது அந்நூலின் கூற்று. அதே நூலின் பிற்பகுதியிலே, துட்டகைமுனு கட்டிய மகாதூபத்துக்குத் தாது கொணரச் சென்ற சோணுத்தர தேரர் நிலத்தைப் பிளந்துகொண்டு இறங்கி நாகர் உலகை அடைகின்றார். ஆனால் பளைக்கு வடக்கே, பருத்தித்துறையை அண்மிய வல்லிபுரத்தில் 1936 இல் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் நாகதீபத்தை அமைச்சர் ஒருவர் ஆண்டதைக் குறிப்பிடுகின்றது. பாதாளத்துக்கு அமைச்சரை நியமிப்பார் எவருமிலர். நாகத்தைக் குலக்குறியாகக் கொண்ட மக்கள் இங்கு வாழ்ந்தனர் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். இலங்கையின் பிராமிக் கல்வெட்டுக்களிலும் பண்டை மன்னர் பெயர்களிலும் நாகன் என்னும் பெயர் பயின்று வருகின்றது. சங்கப் புலவருள் முரஞ்சியூர் முடிநாகராயரும் ஒருவர். இன்றும் பளைக்கு வடக்கே கடலோரத்தில் நாகர்கோவில் உண்டு. தென்கிழக்கே புளியம்பொக்கணையில் நாகதம்பிரானுக்குப் பங்குனியிலே பொங்கல் நிகழ்கின்றது. பொங்கற்பானை சுமப்போர் பிலத்தினூடாக வந்தவரல்லர்.

ஆகவே பாதாள அரசுகளின் கதைகளைப் பொய்யென்று ஒதுக்குவதினும், அவை எவரைக் கீழே வைக்கின்றன என்று கேட்பதே பயனுடையது. தொலைவில் உள்ளாரை, தாம் சென்று காணாதாரை, மனிதர் முதலில் விந்தையராக்குகின்றனர்; பின்னர் நிலத்தினடியில் குடியேற்றுகின்றனர். அங்கே குடியேறியவர் ஞானியராகலாம், பாம்புகளாகலாம், பகைவராகலாம். அயலவராதல் மட்டும் இயலாது. செந்தீவ் இந்தியாவின் ஞானத்தைப் பாதாளத்திலே தேடிய காலத்தில் இந்தியர் நிலத்தின் மேல் வரி செலுத்திக்கொண்டிருந்தனர்.

இத்தனையும் பளைச் சிறுவனொருவனுக்கு எதற்கு என்று கேட்கலாம். அவ்வூரிலே நிலத்தின் கீழ் என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. மணலின் கீழே சுண்ணக்கல். அதன்மேல் மாரிமழை தந்த நன்னீர் மெல்லிய படையாக உவர்நீரின் மீது மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கேணியும் இத்தகையதே. மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீருமாயுள்ள அக்கேணியில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்று முன்னோர் கதை சொன்னார்கள். நீருக்கும் கீழே எவரும் அரசாளவில்லை. ஆனால் நீருக்கு மேலே, ஒரு முழு ஆள் மறையும் ஆழத்திலே, மனிதர் வாழ்ந்தனர். தொண்ணூறுகளின் முற்பகுதியில் ஆசிரியர் தம் வளவிலே குழி வெட்டி, பனங்குற்றிகளை அடுக்கி, மண்மூடைகளால் மூடினார். எறிகணை ஓசை கேட்ட இரவுகளிலே குடும்பம் அதனுள் இறங்கியது. அவர் மகள் சாதாரணதரப் பரீட்சைக்கு அங்கிருந்தே படித்தாள்.

2000 ஆம் ஆண்டு ஏப்ரலில் யானையிறவு வீழ்ந்த நாள்களில் அக்குடும்பம் ஊரைவிட்டு வெளியேறியது. சுமக்க இயலாதவற்றை ஆசிரியர் றங்குப்பெட்டி ஒன்றில் இட்டு வேலியோரத்திலே புதைத்தார்: மணிமேகலைப் பதிப்பு, மாணவர் எழுதிய கட்டுரைக் கொப்பிகள், மனைவியின் சீதனக் குத்துவிளக்கு. அதன்பின் நாகர்கோவில், முகமாலை, கிளாலி என்று போர்முன்னரங்கு ஒன்று நிலத்தைக் குறுக்கே வெட்டிச் சென்றது. 2009 ஜனவரி வரை அது நீங்கவில்லை. அதனடியில் விதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் போர் முடிந்த பின்னரும் காத்துக்கிடந்தன. ஊருக்கு மீண்டபோது ஆசிரியரின் வளவைச் சுற்றிச் சிவப்புக் குறிக்கட்டைகள் நின்றன. தம் பெட்டி கிடக்கும் இடத்தை அவர் வீதியில் நின்று விரலாற் சுட்டமுடிந்தது. சென்று தோண்ட முடியவில்லை. அவர் மனைவியோ அவ்விளக்கை மீண்டும் காணாமலே மறைந்தார். வெடியகற்றும் பெண்கள் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணை அகழ்ந்து வந்து, ஒருநாள் அப்பெட்டியையும் எடுத்தனர். நூல்கள் கறையானுக்கு இரையாகியிருந்தன. விளக்கு மட்டும் களிம்பேறிக் கிடந்தது. அதை ஆசிரியரின் கையிற் கொடுத்த பெண், அது எவருடையது என்று கேட்கவில்லை.

அவ்விளக்கு இப்போது அவர் வீட்டு விறாந்தையில் உள்ளது. கதை அவ்விடத்துக்கு வந்தபோது இருட்டிவிட்டது. சிறுவன் நெடுநேரம் அதனையே நோக்கிக்கொண்டிருந்தான்.

"அப்ப கீழை ஒருத்தரும் இருக்கேல்லையோ, தாத்தா?"

"இருந்தவைதான். நாங்கள்தான் இருந்தனாங்கள். கொம்மா குப்பிவிளக்கிலை படிச்சது கீழை இருந்துதான்."

"எங்கை?"

ஆசிரியர் கதிரையை விட்டு எழுந்தார். அந்தக் குழி என்றோ தூர்ந்துவிட்டது. கிணற்றுக்கும் தென்னைக்கும் இடையே ஒரு பள்ளமாய் மட்டும் தெரியும், மாரியிலே சிறிது நீர் தேங்கும். அவர் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். பேரன் கைத்தொலைபேசியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பின்னே சென்றான்.